மூடிக்குள் முருங்கைக்கீரை

போன சனிக்கிழமை சுங்கைப்பட்டாணியில் ஒரு மாதர் கூட்டம். கூட்டம் என்றாலே ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துவிடும் ஜாதி நான். இந்தத் தடவை மாட்டிக்கொண்டேன். சத்துள்ள சாப்பாடு பற்றி ஒரு மிஸி, அதாவது நர்ஸ், வந்து பேசுகிறாராம். 'நீங்க பத்திரிகையில எழுதுறவங்க, முன்வரிசையில உட்காரணும்' என்று வீட்டுக்கே ஆள் வந்துவிட்டது. முன்வரிசை என்றால் கொட்டாவி கூட விட முடியாதே!

மிஸி சின்னப் பெண். மலாய்க்காரப் பெண். பெரிய பையிலிருந்து ஒரு பச்சைக் கொத்தை எடுத்து உயர்த்திக் காட்டினாள்.

"இது என்ன?"

தமிழ்ப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில், "முருங்கக்கீரை!" என்றார்கள். மலாய்ப் பெண்கள் பக்கம் சத்தமே இல்லை. எனக்குப் பின்னால் இருந்த ஒரு மலாய் அம்மா தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சிமெண்டுத் தரையில் 'கிர்ர்ர்' என்று கேட்டது.

மிஸி சிரித்துவிட்டாள். "பயப்படாதீங்க மாக்சிக், இது சமைக்கிறதுக்குத்தான்" என்றாள். மாக்சிக் என்றால் அத்தை மாதிரி. அப்புறம் இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து, கண்ணுக்கு நல்ல வைட்டமின் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

நான் எதையும் கேட்கவில்லை. அந்த நாற்காலிச் சத்தத்திலேயே நின்றுவிட்டேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சத்தத்தின் அர்த்தம் எனக்குத் தெரிந்திருந்தால்...

சொல்கிறேன்.

எழுபத்தெட்டாம் வருஷம். செமிலிங்குக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். என் வீட்டுக்காரர் அதே தோட்டத்து ஆபீசில் கிராணி. கிராணி என்றால் குமாஸ்தாதான். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வார். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு ஒரு வீடு. ஒரே கட்டடம், நடுவில் பலகைச் சுவர். இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் காக் யாவும் அவள் கணவர் பாங் டினும்.

காக் என்றால் அக்கா, பாங் என்றால் அண்ணன். பாங் டின் துரையின் டிரைவர். சொந்தமாகவும் ஒரு பழைய கார் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதன் அடியிலேயே படுத்திருப்பார்.

காக் யா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பார்த்தால் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். முகத்தில் ஒரு கோடு கிடையாது. என்னைச் 'சிக்கு' என்றுதான் கூப்பிடுவாள், மலாயில் டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சாயங்காலம் நாலு மணிக்குச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாள். தேத்தண்ணி தயார் என்று அர்த்தம். நான் பின்வாசல் வழியாகப் போய் உட்காருவேன். என் பாசார் மலாயை, சந்தையில் கற்ற அரைகுறை மலாயைக் கேட்டு அவள் சிரிப்பாள். அவள் சிரிப்பதைப் பார்த்து நானும் சிரிப்பேன். சொந்த ஊரை விட்டுக் கல்யாணமாகி வந்த எனக்கு அந்த நாலு மணிதான் பெரிய ஆறுதல்.

அந்த வருஷம் நான் தலைப்பிள்ளைக்கு முழுகாமல் இருந்தேன். ஆறாம் மாசம் ரத்தம் சோதித்தார்கள். டாக்டர் சீட்டைப் பார்த்தார், என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"ரத்தம் எட்டுதான் இருக்கு. இப்படியே போனா பிரசவத்துல கஷ்டம். தோட்டத்துல வச்சுப் பார்க்கக் கூடாது. வலி எடுத்ததும் நேரா சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்கு வந்துடணும். லேட் பண்ணாதீங்க."

கறுப்பாக இரும்பு மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரை இருக்கிறதே... விழுங்கிய பத்தாவது நிமிஷம் அது வெளியே, நான் படுக்கையில். மாத்திரை டப்பாவைப் பார்த்தாலே குமட்டும்.

"அப்ப கீரையாவது சாப்பிடு" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் சொன்னது எனக்கு மட்டும்தான். கேட்டது தோட்டம் முழுக்க. டீச்சரம்மாவுக்கு ரத்தம் இல்லையாம் என்று செய்தி பெரட்டுக் களத்தில் பரவிவிட்டது. விடிகாலையில் எல்லாரும் பேர் கொடுக்கக் கூடுகிற இடம் அது. அங்கே போன செய்தி அரை மணியில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் முழுவதும் போய்விடும்! மறுநாளிலிருந்து கீரை வர ஆரம்பித்தது. பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, தண்டுக்கீரை, ஓடைக்கரைக் கங்கோங்... எல்லாவற்றுக்கும் மேலே முருங்கை. புல்வெட்டு வேலை பார்க்கும் ராசம்மா அக்கா வீட்டு வாசலில் ஒரு முருங்கை மரம் இருந்தது. மூன்று மாசத்தில் அதை மொட்டை அடித்த புண்ணியம் எனக்குத்தான்.

முருங்கைக்கீரை ஆய்வது ஒரு தண்டனை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ராசம்மா அக்கா சொல்லிக் கொடுத்தது. கொத்தைச் சாயங்காலமே பழைய நியூஸ்பேப்பரில் இறுக்கிச் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் பிரித்து உதறினால் இலை தானாகக் கொட்டும். காம்பை மட்டும் பொறுக்கினால் போதும்.

அப்புறம் என்ன? பாசிப்பருப்புப் போட்டுப் பொரியல். முட்டை உடைத்து ஊற்றிப் புரட்டல். நெத்திலி போட்டுத் தண்ணீராக ஒரு சொதி. புளி கரைக்காமல் மிளகு தட்டிப் போட்டு ரசம். அடை மாவில் இரண்டு பிடி. வெண்ணெய் உருக்கும்போது இறக்குகிற நேரத்தில் ஒரு கொத்து — நெய்யும் மணக்கும், அந்த முறுகின இலையைத் தின்ன வீட்டில் சண்டையும் நடக்கும். ஒன்று மட்டும்... கீரையை அடுப்பில் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் கதை பேசப் போகாதீர்கள். அதிகம் வெந்தால் கசக்கும், சத்தும் போய்விடும்.

கிளினிக் மிஸி இன்னொன்றும் சொன்னார். கீரை சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாதாம். எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிட்டால் நன்றாக ஒட்டுமாம். எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. தேத்தண்ணியை விடலாம், அந்த நாலு மணியை எப்படி விடுவது? காக் யாவிடம் சொன்னேன்.

"அதனால என்ன லா? உனக்குத் தேத்தண்ணி இல்லை, லீமாவ் ஜூஸ்" என்றாள். அன்று முதல் எனக்குத் தனியாக எலுமிச்சம்பழத் தண்ணீர்.

இன்னொன்றும் அவள்தான் சொன்னாள். "உன் புருஷன் உன்னை மோட்டார் சைக்கிள்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா பிள்ளை செம்மண் ரோட்டுலயே பிறந்துடும். வலி வந்தா இந்தச் சுவரைத் தட்டு. மூணு தட்டு. நாங்க கார் எடுத்துட்டு வந்துடுவோம்."

இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். ஒன்று இல்லை, இரண்டு.

காக் யாவின் முகத்தைப் பற்றித் தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. அவள் சூசோக் போட்டிருக்கிறாளாம். மந்திரித்த தங்க ஊசியை முகத்தில் தோலுக்கடியில் ஏற்றிக்கொள்வதுதான் சூசோக். போட்டுக்கொண்டவர்களுக்கு முகம் வாடவே வாடாதாம். ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் லயத்துப் பெண்கள் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, சிரித்தேன், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் காக் யா வாளியோடு நிற்கிறாள். இத்தனை வருஷம் தோட்டத்தில் இருப்பவளுக்குத் தமிழ் புரியாதா? தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். அன்றைக்கு நாலு மணிக்கும் சுவர் தட்டினாள். அதனால் நானும் அதை மறந்துவிட்டேன்.

இரண்டாவது தப்பு நோன்புப் பெருநாளான ஹரி ராயாவுக்கு மறுநாள்.

பெருநாள் அன்று காக் யா வீட்டிலிருந்து மூன்றடுக்குத் தூக்கு வந்தது. ஓர் அடுக்கில் ஓலையில் பொதிந்து வேகவைத்த கெத்துப்பாட் சோறு. ஓர் அடுக்கில் பலகாரம். இன்னோர் அடுக்கில் தேங்காய்ப்பாலில் சுண்ட வைத்த ரெண்டாங் கறி. "இது கோழி. உங்களுக்காகத் தனியா வச்சேன். எங்க வீட்டு மாட்டிறைச்சிச் சட்டியில கரண்டி கூடப் போடல" என்றாள். இருபது விருந்தாளிகளுக்குச் சமைக்கிற நாளில், எங்கள் இரண்டு பேருக்காகத் தனிச் சட்டி!

தூக்கைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கலாமா? நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். என்ன போடலாம் என்று யோசித்தேன். கறி என்றால் அவர்களுக்குச் சங்கடம், ஹலாலாக அறுத்ததா என்று யோசிப்பார்கள். கீரை என்றால் வம்பில்லை. யாரும் சாப்பிடலாம்! மறுநாள் காலை புதுக் கீரை வந்திருந்தது. தேங்காய்த் துருவல் போட்டு, பருப்புப் போட்டு முருங்கைக்கீரைப் பொரியல். மேலடுக்கு நிறைய வைத்து, மூடியைப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாசலுக்கு வந்தவர் காக் யா இல்லை. அவளுடைய மாமியார். பெருநாளுக்காகப் பாலிங் பக்கத்திலிருந்து வந்திருந்தார். வாங்கிக்கொண்டார், சிரித்தார், உள்ளே போனார்.

அன்றைக்கு நாலு மணிக்குச் சுவர் தட்டவில்லை.

விருந்தாளி வந்திருக்கிறார்கள், வேலை இருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் தட்டவில்லை. மூன்றாம் நாள் கொடியில் துணி காயப்போடும்போது "காக் யா!" என்று கூப்பிட்டேன். முதுகைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் எப்போதும் ஓடும் ரேடியோவும் ஓடவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஆமாம், கோபம்தான் முதலில் வந்தது. அப்படி என்ன செய்துவிட்டேன்? வாயும் வயிறுமாக இருக்கிறவளிடம் இப்படியா நடந்துகொள்வார்கள்? வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "போய்க் கேட்டுட்டு வாயேன்" என்றார். போனேன். மாமியார்தான் கதவைத் திறந்தார். "யா தூங்குது" என்றார். உள்ளே அம்மி அரைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் ராசம்மா அக்கா கீரைக்கட்டோடு வந்தார். கதையைச் சொன்னேன். கீரைக்கட்டை அப்படியே கீழே போட்டார்.

"ஐயையோ... டீச்சரம்மா! மலாய்க்காரங்க வீட்டுக்கு முருங்கக்கீரையா குடுத்தீங்க?"

"ஏன்? அதுல என்னாக்கா?"

"என்னாவா? அவங்க அத கெலோர்ம்பாங்க. செத்தவங்களைக் குளிப்பாட்டுறப்ப தண்ணியில போடுற எலைம்மா! மந்திரம், தகடு, சூசோக்கு எதுவா இருந்தாலும் இந்த எலை பட்டா எறங்கிடுமாம். சூசோக்கு போட்டவ வாயில போட்டா மூஞ்சி அப்பிடியே வாடிப் போயிருமாம். நான் மலாய்க்காரங்க கம்போங் பக்கத்துலதான வளந்தேன், எனக்குத் தெரியும். நீங்க அத அந்தப் பொம்பள வீட்டுக்கே... அதுவும் மாமியாக்காரி கையில..."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

யோசித்துப் பாருங்கள். ஒருத்தியைச் சூசோக்காரி என்று ஊர் பேசுகிறது. அதைக் கேட்டு நான் சிரித்ததை அவள் பார்த்திருக்கிறாள். அப்புறம் நானே அவள் வீட்டுக்குக் கெலோர் சமைத்து அனுப்பியிருக்கிறேன். இதற்கு என்ன அர்த்தம்? 'தின்னு காட்டு பார்ப்போம்' என்றுதானே அர்த்தம்! எனக்காகத் தனிச்சட்டியில் கோழி வைத்தவள் அவள். என் வீட்டில் எது ஆகாது என்று அவளுக்குத் தெரியும். அவள் வீட்டில் எது ஆகாது என்று நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

அன்று அழுதேன். எனக்காக இல்லை என்று எழுத ஆசைதான். பாதி எனக்காகவும்தான். அந்த மூன்று தட்டு போச்சே, காரும் போச்சே என்றும் அழுதேன்.

பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதற்குள் எப்படியாவது அவளைப் பார்த்துப் பேசிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். வயிற்றில் இருக்கிறதற்குக் காலண்டர் தெரியுமா?

ஆறாம் நாள் மத்தியானம். பள்ளிக்கூட லீவில் இருந்தேன். வீட்டுக்காரர் ஆபீஸ் வேலையாக அலோர் ஸ்டார் போயிருந்தார். சோறு வடித்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் ஒரு பிடி பிடித்தது. சூட்டு வலி என்று நினைத்தேன். அடுத்தது வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கடுத்தது வந்தபோது சந்தேகமே இல்லை.

நான் பிடித்துக்கொண்டு நின்றது அந்தப் பலகைச் சுவர்தான்.

தட்டலாமா? எந்த முகத்தை வைத்துக்கொண்டு தட்டுவது? லயத்துக்கு ஆள் அனுப்பலாம் என்றால் வெளியே ஒரு குருவி இல்லை. நடந்து போகலாம் என்றால் கால் எழும்பவில்லை. 'லேட் பண்ணாதீங்க' என்று டாக்டர் சொன்னது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. மானமா, பிள்ளையா? சரி, காறித் துப்பினாலும் துப்பட்டும்...

தட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

ஒன்றும் கேட்கவில்லை.

மறுபடி தட்டினேன். இப்போது மாமியார் குரல் என்னவோ சொன்னது. பீங்கான் தட்டு ஒன்றை டக்கென்று கீழே வைக்கிற சத்தம். அப்புறம் யாரோ ஓடி வருகிற சத்தம்.

பின்வாசலில் காக் யா. வலது கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறது. சாப்பாட்டிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். இடது கையால் என் பையை எடுத்தாள். அடுப்பை அணைத்தாள். "டின்! காரை எடு!" என்று அவள் போட்ட சத்தம் லயம் வரைக்கும் கேட்டிருக்கும்.

காரில் பின்சீட்டில் நானும் அவளும். செம்மண் ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் அவள் கணவரைத் திட்டினாள், என் கையை மட்டும் விடவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. பெடோங் தாண்டியதும் என்னால் தாங்க முடியவில்லை.

"காக் யா, எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. கெலோர்னா அப்படின்னு நேத்து முந்தாநேத்துதான் ராசம்மா அக்கா சொன்னாங்க. எங்க வீட்டுல அது சாதாரண கீரை. டாக்டர் சொல்லி நான் தினமும் சாப்பிடுறதைத்தான் உனக்குக் குடுத்தேன்."

அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு பைப்படியில சிரிச்ச இல்ல?"

"சிரிச்சேன். அது தப்பு. அது எனக்குத் தெரிஞ்சே செஞ்ச தப்பு."

வலி வந்தது. அவள் கையை நெரித்தேன். வலி போன பிறகு அவள் பேச ஆரம்பித்தாள்.

"மாமியார் மூடியைத் திறந்து பார்த்துட்டு, 'பார், பக்கத்து வீட்டுக்காரிக்கே தெரிஞ்சு போச்சு'ன்னு சொன்னாங்க. 'ஒண்ணும் இல்லைன்னா என் முன்னால சாப்பிட்டுக் காட்டு'ன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன்."

"ஏன் காக் யா? ஒரு வாய் சாப்பிட்டிருந்தா முடிஞ்சு போயிருக்குமே?"

"ஏன் சாப்பிடணும்? பதினஞ்சு வருஷமா அவங்க பிள்ளைக்குச் சோறு போடுறேன். என்னை ஒரு இலையை வச்சுச் சோதிக்கிறதா?" என்றாள். அப்புறம், "அவங்க தொழப் போனதும் அடுப்படியில நின்னுக்கிட்டு எல்லாத்தையும் சாப்பிட்டேன்" என்றாள்.

எனக்கு வலியே மறந்துவிட்டது. "சாப்பிட்டியா?"

"பின்னே? எங்க அம்மா வீடு யான்ங்கற ஊர்ப் பக்கம். அங்க இதை ரமுங்காய்னு சொல்லுவோம், தேங்காய்ப்பால் ஊத்தி ஆக்குவோம். சின்னதுல இருந்து தின்னு வளந்தவ நான். அவங்க சொல்லித் தின்னா அது பரீட்சை. எனக்குப் பசிச்சுத் தின்னா அது சாப்பாடு."

"அப்ப உன் முகம்...?"

"பெடாக் சேஜோக்! அரிசி ஊற வச்சு அரைச்சு உருட்டிக் காய வச்ச பவுடர். தினமும் படுக்கப் போறப்ப பூசுறேன். ஊசியாம், ஊசி! உங்க ஊர்ப் பொம்பளைங்களுக்குக் கேட்கணும்னு தோணினா என்னைக் கேட்க வேண்டியதுதானே?"

முன்சீட்டில் பாங் டினின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

"என் மேல இன்னும் கோபமா காக் யா?"

"கோபம்தான். ஆனா இன்னிக்கு நீ சுவரைத் தட்டாம இருந்திருந்தா, செத்தாலும் உன்னை மன்னிச்சிருக்க மாட்டேன்" என்றாள். அப்புறம் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "இன்னொண்ணு. உன் கீரையில உப்பு இல்ல."

நான் சிரித்தேன். அழுதேன். மறுபடி வலி வந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் முடியுமா என்று கேட்காதீர்கள், முடியும்.

ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக ரத்தம் எடுத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "பத்துக்கு மேல இருக்கு. பரவாயில்ல" என்று யாரோ சொன்னார்கள். அந்தப் 'பரவாயில்ல'வைவிட இனிப்பான வார்த்தையை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மகள் பிறந்தாள். ரத்தம் ஏற்ற வேண்டிய அவசியமே வரவில்லை.

கீரைதான் காப்பாற்றியது என்று மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கடைசி இரண்டு மாசம் மாத்திரையும் சாப்பிட்டேன். வெறும் வயிற்றில் விழுங்காமல், சாப்பாட்டோடு விழுங்கினால் குமட்டல் குறையும் என்று மிஸி சொல்லிக் கொடுத்திருந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் டாக்டர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள்.

மூன்றாம் நாள், ஆள் பார்க்கிற நேரம். வார்டு வாசலில் காக் யா. கையில் அதே மூன்றடுக்குத் தூக்கு. பின்னாலேயே... மாமியார்! என் வீட்டுக்காரர் எழுந்து, பிள்ளைக்குத் துணி வாங்கப் போவதாகச் சொல்லி நழுவிவிட்டார். கிராணி வீரம் அவ்வளவுதான்.

மாமியார் முதலில் குழந்தையைப் பார்த்தார். கன்னத்தைத் தொட்டார். காக் யா தூக்கைப் பிரித்தாள். மேலடுக்கு மூடியை எடுத்தாள்.

முருங்கைக்கீரை. கட்டித் தேங்காய்ப்பால், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, நெத்திலி எல்லாம் போட்டுப் பச்சைப்பசேலென்று இருந்தது.

"பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊறும்" என்று பொதுவாகச் சொன்னாள். எனக்கு ஒரு கரண்டி வைத்தாள். தனக்கு ஒரு கரண்டி வைத்துக்கொண்டாள். யாரும் சாப்பிடச் சொல்லவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பசிக்கிறவள் சாப்பிடுவதுபோல நிதானமாகச் சாப்பிட்டாள்.

மாமியார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. காக் யாவின் முகம் எப்போதும்போல இருந்தது. தட்டு காலியானதும் அவள் இன்னொரு கரண்டி எடுத்து மாமியார் பக்கம் நீட்டினாள்.

"நீங்களும் சாப்பிடுங்க மாக்."

மாக் என்றால் அம்மா. மாமியார் கரண்டியைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். வாங்கி வாயில் போட்டார். மென்றார். இப்போது நாங்கள் இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

விழுங்கிவிட்டுச் சொன்னார். "உப்பு சரியா இருக்கு."

காக் யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை பெற்ற வயிறு சிரித்தால் எப்படி வலிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் நாலு மணிக்குச் சுவரில் இரண்டு தட்டுக் கேட்டது. படுத்திருந்தபடியே கையை நீட்டி நானும் இரண்டு தட்டுத் தட்டினேன். அப்பாடா என்று இருந்தது.

கூட்டத்துக்கு வருகிறேன். மிஸி பேசி முடித்ததும் நான் எழுந்து பின்வரிசைக்குப் போனேன். நாற்காலியை இழுத்த அந்த மாக்சிக் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்திரிகைக்காரி நியாயம் கேட்க வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார், பாவம், முகம் இறுகிப் போயிருந்தது.

"எனக்கும் ஒரு காலத்துல தெரியாது மாக்சிக். உங்க வீட்டுல இதைச் சாப்பிடுவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அவர் முகம் இளகியது. அவர் அம்மா தொடவே விடமாட்டாராம். இவருக்கு முட்டி வலி, சுண்ணாம்புச் சத்து குறைவு என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். "நிஜமா ருசியா இருக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார். தேங்காய்ப்பால் கணக்கைச் சொன்னேன். போகும்போது மிஸியிடம் ஒரு கொத்து வாங்கி, யாரும் பார்க்காதபோது கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

காக் யா இப்போது யான் பக்கம் போய்விட்டாள். முகத்தில் இன்னமும் ஒரு கோடு கிடையாது. மூன்றடுக்குத் தூக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை, தீபாவளிக்கும் ராயாவுக்கும் போய் வருகிறது.

இன்றுவரை யார் வீட்டுப் பாத்திரத்தையும் நான் காலியாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. உள்ளே என்ன வைக்கட்டும் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்... உப்பை மட்டும் இரண்டு தடவை பார்க்கிறேன்!